கௌரி கடைக்குப் போன கதை

பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் இருக்கும் அந்த வீட்டுக் குசினிக்குள் என்ன வரவேண்டும் என்பதை இருபத்தைந்து வருடமாக விநாயகமூர்த்திதான் தீர்மானித்தார். சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு போவார். அரிசி, மா, மரக்கறி, மீன் என்று டிக்கி நிறையச் சாமான் வரும். மனைவி கௌரி வாசலில் நின்று பைகளை வாங்கி உள்ளே வைப்பாள். வந்ததைச் சமைப்பாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்த காலத்திலும் கொண்டுபோய் விட்டது, கூட்டிவந்தது எல்லாம் அவர்தான். அதில் அவளுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

போன குளிர்காலத்தில் விநாயகமூர்த்திக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லச் சரிவந்தன. இடப்பக்கப் பார்வை மட்டும் திரும்பவில்லை. இனிக் கார் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வெலிங்டனில் வேலை பார்க்கும் மகள் கிருசாந்தி போனில் வழி சொன்னாள். "அம்மா, இட்ஸ் ஈஸி. ஒன்லைன்ல ஓர்டர் பண்ணினா வீட்டுக்கே வரும்."

வந்தது. ஆனால் கைவசம் இல்லாத சாமான்களுக்குப் பதிலாகக் கடைக்காரர் தங்களுக்குத் தோன்றியதை வைத்து அனுப்பியிருந்தார்கள். தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகப் போத்தலில் இளநீர். பச்சை மிளகாய்க்குப் பதிலாகப் பச்சைக் குடைமிளகாய். கௌரி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். இளநீரில் எந்த ஊரில் சொதி வைக்கிறார்கள்?

"இனி நான் போய் வாங்கிறன்" என்றாள்.

"ஆர் உன்னைக் கூட்டிக்கொண்டு போறது?"

"பஸ் போகுதுதானே."

விநாயகமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. "எங்கை ஏறிறது, எங்கை இறங்கிறதெண்டு உனக்குத் தெரியுமே?"

"தெரியாது. கேட்டாச் சொல்லுவினம்."

கேட்டாள், சொன்னார்கள். ஆனாலும் எங்கடை சாமான் விற்கும் கடைகள் உள்ள சாண்ட்ரிங்ஹாமைத் தாண்டிப் போய் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தாள். கடைக்குள் நுழைந்ததும் கார் டிக்கி நிறையச் சாமான் வந்தே பழகிய வீட்டுக்காரி என்பதால், கை இரண்டுதான் என்பதை மறந்துபோனாள். வெளியே வந்தபோது மழை. பஸ்ஸில் கால் வைத்த நேரம் நனைந்த கடதாசிப் பை அடியோடு கிழிந்தது. வெங்காயம் அத்தனையும் உருண்டு பின் சீற்றுகளுக்குக் கீழே போயின.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் குனிந்து பொறுக்கினார்கள். பூப்போட்ட சட்டை போட்ட ஒரு சமோவாப் பெண் தன் மடியை விரித்து வெங்காயங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "யூ ஓகே, டார்லிங்?" என்று கேட்டாள். கௌரி தலையை ஆட்டினாள். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அந்த அழுகையை அழுது முடித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உலை வைத்தாள்.

அடுத்த நாள் போய், இழுத்துக்கொண்டு போகக்கூடிய சில்லு வைத்த பை ஒன்று வாங்கி வந்தாள். விநாயகமூர்த்திக்கு அது பிடிக்கவேயில்லை.

"கூனிக் கிழவியள் மாதிரி இதை இழுத்துக்கொண்டு ரோட்டாலை போகப்போறியே? எங்கடை ஆக்கள் பாத்தா என்ன நினைப்பினம்?"

"சமைக்கச் சாமான் வாங்கப் போறா எண்டு நினைப்பினம்."

அவர் அன்று முழுக்க முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. கௌரி அதற்கும் ஈடுகொடுத்தாள். கிழமைக்குக் கிழமை போனாள். எந்தத் தரிப்பில் இறங்கினால் கடை கிட்ட, எந்த நாளில் கீரை புதிதாக வரும், பாரத்தை எப்படி அடுக்கினால் பை சரியாது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

ஒருநாள் கல்லாவில் நின்ற சுந்தரி கேட்டாள், "வேற என்னக்கா வேணும்?"

சுந்தரிக்கு ஊர் மதுரைப் பக்கம். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் கௌரி தன் கூடையைக் குனிந்து பார்த்தாள். கூடைக்குள் இருந்தது அவ்வளவும் விநாயகமூர்த்தி வழக்கமாக வாங்கும் சாமான். தனக்கு என்ன வேணும்? கண் கடையைச் சுற்றிவந்து, மூலையில் இருந்த பெட்டியில் நின்றது.

"அந்தப் பாவற்காய் நல்லதோ?"

"இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. ஆனா நல்லா கசக்கும்க்கா."

"கசக்கத்தானே வேணும்" என்று கௌரி நாலு காய் எடுத்தாள்.

அன்று மத்தியானம் பாவற்காயை மெல்லிய வட்டமாக வெட்டிப் பொரித்து, புளிவிட்டுக் குழம்பு வைத்தாள். விநாயகமூர்த்தி சட்டியை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு இது பிடிக்காதெண்டு உனக்குத் தெரியாதே?"

"தெரியும். உங்களுக்குக் கத்தரிக்காய் கிடக்கு. இது எனக்கு."

அவர் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் அவளைப் பார்த்தார். "உனக்குப் பாவற்காய் விருப்பமே?"

"ஓம்."

"ஒருநாளும் சொல்லேல்லையே."

"ஒருநாளும் நீங்கள் கேக்கேல்லை."

கோபத்தில் சொன்னதல்ல. நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு விட்டுக்கொண்டாள். அவர் நெடுநேரம் கத்தரிக்காயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

வெயில் காலம் தொடங்கியதும் ஒரு காலை அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து கதவடியில் நின்றார். "நானும் வாறன்."

"வாங்கோ. ஆனா கடைக்குள்ளை வந்து அதை எடு, இதை எடு எண்டு சொல்லக்கூடாது."

"சரி."

பஸ்ஸில் அவரை யன்னலோரம் இருத்தி, பார்வை இல்லாத பக்கத்தில் தான் இருந்தாள். சாண்ட்ரிங்ஹாமில் இறங்கியதும் தண்டபாணி எதிர்ப்பட்டார். முன்பு விநாயகமூர்த்தியோடு ஒரே வேலைத்தலத்தில் இருந்தவர்.

"என்ன மூர்த்தியண்ணை, நடந்து வாறியள்? கார் எங்கை?"

சமாளிக்க ஏதும் சொல்லுவார் என்றுதான் கௌரி நினைத்தாள். கராஜில் நிற்கிறது, திருத்தக் குடுத்திருக்கு, இப்படி ஏதாவது.

"இனிக் கார் ஓட ஏலாது, தண்டபாணி. கண் சரியில்லை. இப்ப இவதான் என்னைக் கூட்டிக்கொண்டு திரியிறா."

கௌரி சில்லுப் பையைக் கடைப் பக்கம் திருப்பினாள். அவர் பக்கம் திரும்பாமல், "நீங்கள் கதைச்சுக்கொண்டு நில்லுங்கோ. கீரை முடியப்போகுது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள்.