இருபத்தேழில் நின்ற டிரங்க் கால்

காதை அழுத்தும் ஹெட்செட்டின் சூடு... அதற்குள் ஓயாத கரகரப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் மல்லசமுத்திரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். சேலத்துக்கு இருந்தது ஒரே ஒரு டிரங்க் லைன். ஊரே அதில்தான் பேசியாக வேண்டும்!

அர்ஜெண்ட் கால் முதலில், ஆர்டினரி பிறகு. ஓடிக்கொண்டிருக்கும் அர்ஜெண்ட்டை நானாக வெட்டக் கூடாது.

போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீஸ் மேனேஜர் பழனியண்ணன் தினமும் அர்ஜெண்ட் போட்டு, சேலம் கடைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட் வாசிப்பார். நம்பர் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கத்துவார். பாழாய்ப்போன லிஸ்ட் என்று பல்லைக் கடிப்பேன்.

அன்றைக்கு அந்த லிஸ்ட் ஓடும்போதுதான், ஊரில் விவசாயம் பார்க்கும் கண்ணம்மா செருப்புகூட இல்லாமல் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடி வந்தார். காலில் மண்வெட்டி பட்ட அவர் கணவரை, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"பென்சிலின் ஊசி அவருக்கு ஆவாதுங்க அம்மிணி! போன வருசம் மூச்சே நின்னு போச்சுங்க. கூடப் போனவிங்களுக்கு அது தெரியாதுங்க..."

லிஸ்ட் முடிந்து, சாமான் பன்னிரண்டு மணி லாரியில் ஏறாவிட்டால் வடக்கே எங்கோ ஒரு ரிக் சும்மா நிற்கும். ஆனாலும் நடுவில் புகுந்து பழனியண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி லைனைக் கேட்டேன்.

"ஏனம்மிணி, இதுக்குப் போயி கேக்கோணுமா? லைனை எடுத்துக்குங்க. நான் இருவத்தேழுல நிக்கறேன்" என்றார் பழனியண்ணன்.

லைனில் இதைக் கேட்டிருந்த, நான் முகமே பார்த்திராத சேலம் ஆபரேட்டர் அதற்குள் ஆஸ்பத்திரிக்கு மணி அடித்துவிட்டாள்! கண்ணம்மா பேசினார். "இன்னும் ஊசி போடலைங்க. சீட்டுல செவப்பு மையில எழுதிட்டேன்" என்றார் அங்கிருந்த நர்ஸ். கண்ணம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி லைன் கொடுத்தேன். "இருவத்தெட்டு... பேரிங், நாலு!" ஒன்றுமே நடக்காத மாதிரி. கடைக்காரர் அந்த லாரியையே போக விடாமல் நிறுத்தி வைத்திருந்தார் என்று மறுநாள்தான் தெரிந்தது. அவரையோ அந்த சேலம் ஆபரேட்டரையோ யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது என் பேரன் ஒரு முழுக் கல்யாண வீடியோவையே போனில் அனுப்புகிறான். திரையில் வட்டம் கொஞ்சம் சுற்றினாலே போனைத் திட்டுகிறான். எது முன்னால் போக வேண்டும் என்பதை மெஷினே பார்த்துக்கொள்கிறதாம்... நல்லதுதான், யாரும் மூச்சிரைக்க ஓடி வர வேண்டியதில்லை.

ஆனாலும் அந்த வட்டம் சுற்றும்போதெல்லாம் எனக்குக் கோபமே வருவதில்லை. நமக்கு முன்னால் ஒரு கண்ணம்மா பேசிக்கொண்டிருப்பார், பேசி முடிக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.