முதலாளி கழற்றிய ரீசெட் ஐசி

மரக்காணம் உப்பளங்களில், பாத்தி நிரம்பியதும் பம்ப்பைத் தானாக நிறுத்தும் மின்னணு போர்டை வடிவமைத்தவள் நான். மோட்டார்கள் ஓடத் தொடங்கும்போது அங்கே மின்னழுத்தம் சட்டென இறங்கும். அப்போது போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் உறைந்துவிடாமல் முதலிலிருந்து தொடங்க, ஒரு சிறிய ரீசெட் ஐசி வைத்திருந்தேன். வீண் செலவு என்று எங்கள் கம்பெனி முதலாளி அதை எடுத்துவிட்டார்.

கலையரசி அக்காவின் உப்பளத்தில் போர்டு உறைந்தது. பம்ப் நிற்காமல் ஓடி, விளைந்த உப்பெல்லாம் கரைந்தது. "புரோகிராம் எழுதுன பொண்ணு பண்ண தப்பு" என்று அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லி, முதலாளி என்னை வேலையிலிருந்து நீக்கினார்.

அதே இடத்தில் அவரைத் தலைகுனிய வைக்கும் வெறியோடு, ஐசி வைத்த என் போர்டுடன் அக்காவிடம் போனேன்.

"இன்னும் என்னாத்த கெடுக்க வந்த?" என்றார்.

"அந்த சாரையும் வரச் சொல்லுங்கக்கா. ரெண்டு போர்டையும் ஓட விட்டுப் பாத்துடலாம்."

முதலாளி வந்தார். அவருடைய போர்டை மாட்டி, பக்கத்து மோட்டாரையும் போட்டோம். விளக்கு மங்கியது. பாத்தி நிரம்பியும் பம்ப் நிற்கவில்லை. அடுத்து மாட்டிய என் போர்டும் தடுமாறியது. ஆனால் உடனே விழித்து, பம்ப்பை நிறுத்தியது. அவருடைய போர்டில் ஐசி இல்லாத காலி இடத்தை அக்காவுக்குக் காட்டினேன்.

"ஏன் சார், நீ கழட்டிட்டு பொண்ணு மேல பழி போட்டியா?"

முதலாளி என்னிடம் மெதுவாக, "வேலைக்கு வந்துடும்மா" என்றார்.

"தப்பு யாருதுன்னு சத்தமா சொல்லுங்க சார்."

சொன்னார். உப்பு வாரியவர்கள் நின்று கேட்டார்கள். அந்த வேலைக்கு நான் திரும்பவில்லை.

பழி தீர்த்தாலும் மனம் ஆறாது என்று நினைத்திருந்தேன். எனக்கு ஆறியது. புதுச்சேரி வரை பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.