தரவரிசையின் கடைசிப் பக்கம்

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போய் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான். காலை பஸ்ஸில் மலை ஏறி, ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் கீழே இறங்குவேன். ஆனி ஆடி மழையில் அங்கே விருந்தாளிகள் வருவதில்லை. வரவேற்க ஆளில்லாத வரவேற்பாளர் எவ்வளவு நேரம்தான் பேனாவை மூடித் திறந்துகொண்டிருப்பாள்? ஒரு நாள் விளையாட்டு அறையைத் தூசி தட்டப் போனேன். கேரம் போர்டில் பாதிக் காய் இல்லை. டேபிள் டென்னிஸ் மேசைமேல் ஈரப் போர்வைகளைக் காயப் போட்டிருந்தார்கள். சுவரில் தொங்கிய டார்ட்ஸ் போர்டு ஒன்றுதான் சும்மா இருந்தது. அதில் குத்தியிருந்த மூன்று டார்ட்டையும் பிடுங்கி எறிந்தேன். ஒன்று போர்டில், ஒன்று சுவரில், ஒன்று போர்வையில்.

பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். மேனேஜர். கோட்டயத்துக்காரர், சிரிக்காமல் கிண்டல் பண்ணுகிறவர்.

"கொள்ளாம் மோளே, பிரமாதம். போர்வையை நல்லாக் கொன்னுட்டே."

அவர்தான் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். அந்த மழை முழுக்க எறிந்தேன். அடுத்த வருடம் புதுப் போர்டு வந்ததும் பழசை எனக்கே கொடுத்துவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பக்கத்து சீட்டு அம்மா, "சாமி படமா?" என்று கேட்டு, நான் பதில் சொல்லுமுன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். எதையும் அளந்து செய்வார். போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஐந்தடி எட்டங்குலம், நிற்கும் கோடு ஏழடி ஒன்பதே கால் அங்குலம் என்று நெட்டில் பார்த்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் கூடத்தில் கோடு ஒட்டிவிட்டார். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அந்தக் கோட்டைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

"ஏ புள்ள, நான் குறுக்க போறேன். கையை இறக்கு" என்று அறிவித்துவிட்டுத்தான் போவார். திரும்பி வரும்போது சுவரைப் பார்த்து, "போன வருசம் வெள்ளையடிச்சது" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் சொன்னதில்லை. நானே தினமும் கொஞ்சம் பற்பசையை எடுத்து ஓட்டைகளை அடைத்துவைப்பேன்.

இப்படி இரண்டு வருடம் போனபின், சென்னையில் மாநில அணிக்குத் தேர்வு நடக்கிறது என்று மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நானும் வீட்டுக்காரரும் போனோம். பெண்கள் அணிக்கு நான்கு பேர் வேண்டும். வந்திருந்ததும் நான்கு பேர். அதில் ஒரு பெண் தன் தம்பியைப் பார்க்க வந்தவள், பேர் கொடுக்கச் சொன்னதால் கொடுத்தவள். எங்களைச் சம்பிரதாயத்துக்கு எறியச் சொன்னார்கள். நான் நாலாவதாக வந்தேன். தம்பியைப் பார்க்க வந்தவள் மூன்றாவது.

இந்த விவரத்தை வீட்டுக்காரர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. 'தேர்வாகிட்டா' என்று மட்டும் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் சிக்னல் பக்கத்தில் ஃபிளெக்ஸ் போர்டு நின்றது. என் முகம் ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது. முகத்துக்குக் கீழே வேறு யாருடையதோ உடம்பு. அதன் கையில் ஒரு வில், நாண் இழுத்தபடி.

"அம்பு எறியிறாகன்னு சொன்னாக. வில்லு இல்லாம எப்படிண்ணே?" என்று கேட்டானாம் டிசைன் செய்த பையன்.

கடைவீதி வியாபாரிகள் சங்கத்தில் பாராட்டு விழா வேறு வைத்துவிட்டார்கள். பொன்னாடை, மைக், கறுப்புத் திராட்சை ஒரு தட்டு. தலைவர் பேசி முடித்து, "தங்கச்சி இப்ப நமக்காக ஒரு அம்பு விட்டுக் காட்டும்" என்றார். மண்டபத்தின் அந்தக் கோடியில் ஒரு வாழைத்தண்டை நட்டு, குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். ஐம்பதடிக்குக் குறையாது. "அண்ணே, இது எட்டடிக்குள்ள எறியிறது" என்று சொல்லிப் பார்த்தேன். கைதட்டலில் அவருக்குக் கேட்கவில்லை. எறிந்தேன். டார்ட் முன்வரிசையைத் தாண்டி இரண்டாம் வரிசையில், ஒரு பெரியவரின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, எழுந்து வந்து, பணிவாக நீட்டினார்.

"இந்தாத்தா. உன் ஊசி விழுந்துருச்சு."

அந்தப் பெருமையோடுதான் தேசியப் போட்டிக்கு ரயில் ஏறினேன்.

வடக்கே ஒரு ஊர். எனக்கு எதிராக எறிந்தவர் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், ஸ்வெட்டர் போட்டிருந்தார். இந்த விளையாட்டில் ஐந்நூற்று ஒன்றில் ஆரம்பித்து, எறிகிற புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கடைசி டார்ட், போர்டின் ஓரத்திலுள்ள மெல்லிய வளையத்தில் விழ வேண்டும். அங்கே எண் இரட்டிப்பாகும். அன்றைக்கு என்ன புண்ணியமோ, கைக்கு வந்ததெல்லாம் விழுந்தது. எனக்கு மிச்சம் இரண்டு. அந்த அம்மாவுக்கு நூறுக்கு மேல். ஒன்றின் வளையத்தில் ஒரே ஒரு டார்ட் குத்தினால் ஜெயித்தேன்.

ஒன்று, இருபதுக்குப் பக்கத்து வீடு. வீட்டுக் கூடத்தில் இருபதைக் குறி வைத்து நான் எறிந்ததெல்லாம் ஒன்றில் போய் விழும். ஒன்றில் நான் குடும்பமே நடத்தியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் சிரித்துக்கொண்டே எறிந்தேன். இருபது. மிச்சத்தைவிட அதிகமாக எடுத்தால் அந்த முறை செல்லாது. மறுபடியும் இரண்டிலேயே நிற்க வேண்டும். அடுத்த முறையும் இருபது. அதற்கடுத்த முறை மூன்றும் கம்பிக்கு வெளியே. அந்த அம்மா அவசரப்படாமல், காய்கறி நறுக்குவதுபோல் நாற்பது, முப்பது என்று குறைத்துக்கொண்டே வந்து முடித்தார். பிறகு என் முதுகில் தட்டி இந்தியில் ஏதோ சொல்லி, ஒரு டப்பாவைத் திறந்து கடலை உருண்டை தந்தார். வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்து வீட்டுக்குப் போன் பண்ணினேன்.

"என்ன ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணு வேணும். விழல."

"ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

"சரி, சாப்பிட்டியா?" என்றார்.

அதன்பிறகுதான் நான் தொழில்முறை ஆட்டக்காரி ஆனேன். கொச்சியில் ஒரு மாலில் லீக் போட்டி, ஆடுகிறவர்களுக்குச் சம்பளம். மேனேஜருக்குத் தெரிந்தவர் நடத்தினார், ஒரு பெண் குறைந்தது, நான் போனேன். ஆண்கள் அளவில் தைத்த சட்டை கொடுத்தார்கள். முழங்கால்வரை தொங்கியது. முதல் ஐந்து ஆட்டமும் தோற்றேன். வருடக் கடைசியில் தரவரிசைப் பட்டியல் போனில் வந்தது. வீட்டுக்காரர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். "இன்னும் பக்கம் இருக்கு, இன்னும் இருக்கு" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே தள்ளினார். கடைசிப் பக்கத்தில் கிடைத்தேன். எனக்குக் கீழே இருந்த இருவரில் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

அடுத்த வருடம் அதே மாலில் ஆறாவது ஆட்டம். எதிரே ஆலப்புழைப் பக்கத்துப் பெண், கல்லூரியில் படிக்கிறவள். இரண்டு பேரும் மோசமாகத்தான் எறிந்தோம். எப்படியோ எனக்கு மிச்சம் முப்பத்திரண்டு. பதினாறின் வளையத்தைப் பார்த்து எறிந்தேன், விழுந்தது. நடுவர் என்னவோ சொன்னார். நான் அடுத்த டார்ட்டைத் தூக்கிக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, முடிஞ்சிருச்சு! மேடையை விட்டு இறங்கு!" என்று பின்னாலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

ஜெயித்தால் என்ன செய்வது என்று எனக்குப் பழக்கமில்லை. ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். எஸ்கலேட்டரில் போன ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அத்தை வீட்டில் யூடியூபில் பார்த்திருக்கிறார். நான் போன் பண்ணியதும் சந்தோஷமாகத்தான் பேசினார். வைக்கப் போகும்போது,

"அந்தப் புள்ள அங்கனயே நின்னு அழுதுச்சே. கையைக் குடுத்தியா?" என்றார்.

கொடுக்கவில்லை. எத்தனை பேர் எனக்குக் கை கொடுத்திருக்கிறார்கள், கடலை உருண்டை கொடுத்திருக்கிறார்கள். என் முறை வந்தபோது நான் அவள் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பப் போய்த் தேடினேன், கிளம்பிவிட்டாள். நம்பர் வாங்கி மறுநாள் பஸ்ஸில் இருந்தே கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

"ஐயோ சேச்சி, அது சாரமில்ல, பரவாயில்ல" என்றாள். பிறகு தயங்கி, உண்மையைச் சொன்னாள். "சேச்சியோட மேட்ச் எப்படியும் ஜெயிச்சிடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் அழுகை வந்துடுச்சு."

மூச்சு முட்டச் சிரித்தேன். அதற்கப்புறம் மூன்று முறை ஆடியிருக்கிறோம். மூன்று முறையும் அவள்தான் ஜெயித்தாள். கையை மட்டும் நான் முந்திக்கொண்டு நீட்டிவிடுகிறேன்.