பேனா மூடியைக் கடித்த இருபது நிமிடம்

போன வியாழக்கிழமை எங்கள் கம்பெனியில் ஒரு விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் ஏகாம்பரம். நியாயமாக அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் — வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்கிற நான்.

எப்படி என்று சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பென்னலூர் பக்கம் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கேட்கிற சாமானை எடுத்துக் கொடுத்து, சீட்டில் கையெழுத்து வாங்கி, கம்பியில் குத்தி வைப்பது என் வேலை. அது போக, சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகமும் உண்டு. யாருக்காவது மெமோ வந்தால் பதில் கடிதம் எழுதிக் கொடுப்பது. 'பத்திரிகையில எழுதுறவராச்சே' என்று தேடி வருவார்கள். எனக்கும் தலை லேசாகக் கனக்கும்.

ஏகாம்பரம் மண்ணூர்க்காரர். வயது முப்பத்தைந்து. இரண்டு வருஷமாக டெம்பரரி. இந்த மாதம் பர்மனென்ட் லிஸ்ட்டில் பெயர் வரவேண்டும். வராவிட்டால் கேட்டுக்கு வெளியேதான். இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் இன்னொரு கம்பெனி வேலை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

அவருக்குப் பேச்சு சரளமாக வராது. இரண்டு வார்த்தை வரும், மூன்றாவது தொண்டையிலேயே நின்றுவிடும். உதடு அசையும். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு மூச்சு முட்டும். அதனால் என்ன செய்வோம்? அவருடைய வாக்கியத்தை நாமே முடித்துவிடுவோம். உதவி என்று நினைத்துக்கொண்டுதான்.

மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். கையில் மெமோ. வேலை நேரத்தில் அனுமதியில்லாமல் மெஷினை விட்டு இருபது நிமிடம் போய்விட்டாராம்.

"எங்கே போனீங்க ஏகாம்பரம்?"

"அது வந்து சார்... அந்த சத்தம்..." நின்றுவிட்டது.

"ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல சார்... சத்தம் வந்து..."

"புரியுது. வயிறு சத்தம் போட்டுதா? வயித்து வலிதானே? இதுக்கு ஏன் கூச்சப்படறீங்க?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அவ்வளவுதான். பிறகு நான் நிற்பேனா? 'குடல் சுருண்டு, கண்கள் இருண்டு, கடமை ஒருபுறம் இழுக்க, வலி மறுபுறம் இழுக்க...' என்று ஒரு முழுப் பக்கம். எழுதியதை ராகம் போட்டுப் படித்தும் காட்டினேன்.

"இதுவே போதுமா சார்?" என்றார்.

"தாராளமா."

அவர் போனதும் சமையலறையிலிருந்து என் மனைவி சரோஜா வந்தாள். "அவரு வேற ஏதோ சொல்ல வந்தாருங்க. தலையாட்டினது ஆமான்னு இல்ல. சரி, வுடுன்னு."

"உள்ளே இருந்த உனக்குத் தெரியுமா, எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியுமா?" என்றேன். ஒரே காலையில் இரண்டு பேர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவன் நான்.

பத்து நாளில் இரண்டாவது மெமோ வந்தது. வயிற்று வலி என்றால் கம்பெனி டிஸ்பென்சரிக்குப் போயிருக்க வேண்டும். அன்றைய தேதியில் ஏகாம்பரம் பெயர் அங்கே இல்லை. ஆகவே மெஷினை விட்டுப் போனது ஒரு குற்றம். பொய் சொன்னது இன்னொரு குற்றம். விசாரணை முடியும்வரை பர்மனென்ட் பேச்சே கிடையாது.

அந்தக் காகிதத்தை ஸ்டோர்ஸ் கவுன்ட்டரில் வைத்துவிட்டு ஏகாம்பரம் நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தேன். "நீங்க சொல்லுங்க. நான் வாயைத் திறக்கலை" என்றேன். எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை. பேனா மூடியை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் ஆயிற்று. நடுநடுவே முழு நிமிடம் ஒரு வார்த்தையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த வார்த்தை எனக்குத் தெரிந்துவிட்டது போலவே இருந்தது. ஒரு தடவைகூட அது வரவில்லை.

அவர் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

"எனக்குப் பக்கத்து பிரஸ்ஸு பலராமனுது சார். பெடல ஒருவாட்டி மிதிச்சா ஒருவாட்டிதான் எறங்கணும். அன்னிக்கு அது ரெண்டாம்வாட்டி எறங்கப் பாக்குற மாரி ஒரு சத்தம். வேற யாருக்கும் கேக்கல. நான் பேசறது கம்மி சார், அதனால கேட்டுகினே இருப்பேன். அவன் டீக்குப் போன உடனே மெயின ஆஃப் பண்ணிட்டு, ஃபிட்டர் தொரைய தேடிகினு போனேன். அவர் அந்தக் கோடி ஷெட்ல இருந்தாரு. கூட்டிகினு வந்தேன். பிரிச்சுப் பாத்தா ஸ்பிரிங்கு வுட்டுப்போய்க் கீது."

பிரஸ்ஸில் கையை வைத்துத் தகடு மாற்றுகிற நேரத்தில் அது இரண்டாம் தடவை இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பலராமனுக்கோ டீ குடித்துவிட்டு வந்தால் மெஷின் ரிப்பேர். அவ்வளவுதான் தெரியும்.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லலையா?"

"ஆரம்பிச்சேன் சார். பீடி குடிக்கப் போனியான்னாரு. அவர் அதைச் சொன்னாரு... நீங்க வயித்து வலின்னீங்க."

என்னை அந்த சூப்பர்வைசரோடு ஒரே வரியில் நிறுத்திவிட்டார். 

இன்னும் இருக்கிறது. ஸ்பிரிங் என்றதும் எழுந்துபோய்க் கம்பியில் குத்திய சீட்டுகளைப் புரட்டினேன். அதே தேதி. கிளட்ச் ஸ்பிரிங் ஒன்று. துரையின் கையெழுத்து. எடுத்துக் கொடுத்தது சாட்சாத் நான்தான். அன்று துரை கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு, "ஏகாம்பரம் மட்டும் வரலைன்னா..." என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததும் இப்போது ஞாபகம் வந்தது. நான் 'உம், உம்' கொட்டிக்கொண்டு அந்த வாரக் கட்டுரைக்கு முதல் வரி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோம் இல்லையா? அடுத்தவர் பேச்சிலும் அதைத்தான் செய்கிறோம். அவர் பேச்சை முடித்து இறங்குவதற்கு முன்பே நம் துண்டு விழுந்துவிடுகிறது.

விசாரணைக்கு உதவியாக ஒரு சக ஊழியர் உடன் உட்காரலாம் என்பது விதி. நான் உட்கார்ந்தேன். சீட்டைக் கொடுத்தேன். துரை வந்து சாட்சி சொன்னார். பொய்க் கடிதம் என் கைவரிசை, அவர் வாயிலிருந்து வந்ததல்ல என்றும் ஒப்புக்கொண்டேன்.

விசாரணை அதிகாரி மெட்ராசிலிருந்து வந்த வக்கீல். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஏகாம்பரம் இரண்டாவது வார்த்தையில் நின்றதும், "அதாவது, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"சார், மன்னிக்கணும்" என்றேன். "அவரே முடிக்கட்டும். கொஞ்சம் நேரமாகும். நான் முந்திக்கிட்டதாலதான் அவர் இங்க உட்கார்ந்திருக்காரு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் நாங்கள் விட்டதில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த பலராமன் தன் இரண்டு கையையும் அக்குளில் வைத்து மூடிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கியது. எழுதுவதற்கென்ன, கலங்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். ஏகாம்பரம் பெயர் இருந்தது. எனக்கு வாய்மொழி எச்சரிக்கை. வாயால் வந்த வினைக்குப் பொருத்தமான தண்டனை.

'நன்றாக எழுத என்ன படிக்க வேண்டும்?' என்று மாதத்துக்கு நாலு வாசகர் கேட்கிறீர்கள். நானும் பட்டியல் போட்டுத் தந்திருக்கிறேன். தயவுசெய்து அதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு பேனா மூடி வாங்கிக்கொள்ளுங்கள்.

லிஸ்ட் ஒட்டிய அன்று சாயந்திரம் பஸ்ஸில் ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார்..." என்றார். நின்றுவிட்டது. நன்றி சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. 'அதெல்லாம் எதுக்கு ஏகாம்பரம்' என்று நாக்கு நுனிவரை வந்தது. மூடியைக் கடித்தேன். பஸ் இரண்டு ஸ்டாப்பிங் தாண்டியது. மண்ணூர் நெருங்கியது. அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொல்லி முடித்தார்.

"அந்த லெட்டரு... ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க சார். எனக்குத்தான்... வயிறு வலிக்கல."

இத்தனை வருஷ எழுத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு வந்ததில்லை.