காபியின் மகன் எது?

பக்கவாதம் வந்த பிறகு ஷவ்கிக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "இல்ல." தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல, வலிக்கிறதா என்றாலும் இல்ல. நான் யார் என்று தெரிகிறதா என்று மகள் சஃபினாஸ் கேட்டதற்கும் அதேதான். போர்ட் சயீதுக்குத் திரும்பும்போது அவள் வாசலில் நின்று சொன்னாள்: "அம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. சும்மா பேசிப் பேசித் தொண்டையக் கெடுத்துக்காத."

இன்ஷிராஹ் அவளை வழியனுப்பிவிட்டுக் கட்டிலருகே திரும்பினாள். தும்யாத் நகர ஆஸ்பத்திரி வார்டில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, குதிகால் படுக்கையில் அழுந்தாமல் துண்டை மடித்து வைப்பது, முலுக்கியாக் கீரைச் சாற்றை இடது கன்னத்துப் பக்கமாகக் கரண்டியால் ஊட்டுவது எல்லாம் அவளுக்குக் கைவந்தவை. பேச்சு போய் அறிவு மட்டும் மிஞ்சியவர்களையும் பார்த்திருக்கிறாள். இரண்டும் போனவர்களையும் பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக்காரர் இதில் எந்த வகை என்பதுதான் தெரியவில்லை.

நாற்பது வருடம் நாற்காலி முதுகுகளில் ரோஜாப்பூ செதுக்கிய மனிதர் ஷவ்கி. மிச்ச நேரமெல்லாம் பால்கனியில் ஃபின்ச் குருவிகளோடுதான். எல்லோர் வீட்டிலும் இருப்பது சாம்பல் நிறம். அவருக்குப் பழுப்பில்தான் பைத்தியம். காபி என்று பெயர் வைத்து ஒரு பழுப்பு ஆண் குருவியை ஐந்து வருடம் வளர்த்தார். சாப்பிட உட்கார்ந்தால் ஆலிவ் காய்களையும் பாலாடைக்கட்டித் துண்டுகளையும் ஜோடி ஜோடியாக அடுக்கிப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

"பழுப்பு அப்பனுக்கும் சாம்பல் அம்மாவுக்கும் பொறந்தா பொண்ணுங்க எல்லாம் பழுப்பு, பையனுங்க எல்லாம் சாம்பல். ஆனா பையன் அப்பன் நிறத்த உள்ளுக்குள்ள பத்திரமா வச்சிருப்பான். பெட்டையால அப்படி ஒளிக்க முடியாது. அதுகிட்ட இருந்தா வெளிய தெரிஞ்சிடும்."

"ஆம்பளைங்க ஒளிச்சு வைக்கிறது தெரிஞ்ச கதைதானே. ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க," என்பாள் இன்ஷிராஹ்.

போன குளிர்காலத்தில் காபி செத்தது. அதன் பழுப்பு மகள்களை அவர் முன்பே நல்ல விலைக்கு விற்றுவிட்டிருந்தார். கூண்டில் இருந்தவை சில சாம்பல் பெட்டைகளும் ஒன்பது சாம்பல் ஆண்களும். அந்த ஒன்பதில் ஒன்று காபியின் மகன். எது என்று ஷவ்கிக்கு மட்டுமே தெரியும். முன்பொரு முறை அடையாள வளையம் இறுகி ஒரு குருவியின் கால் கறுத்துப்போனதிலிருந்து அவர் எதற்கும் வளையம் மாட்டுவதில்லை. நோட்டிலும் எழுதியதில்லை.

அடுத்த சந்தில் குருவி வளர்க்கும் மஹ்ரூஸ் அவருடைய பால்ய நண்பர். ஒருநாள் கட்டில் காலருகே நின்றுகொண்டு, ஷவ்கியின் தலைக்கு மேலாக இன்ஷிராஹிடம் பேசினார்.

"அண்ணி, நீங்க ஆளப் பாப்பீங்களா, குருவியப் பாப்பீங்களா? எல்லாத்தையும் நான் கொண்டு போயிடறேன். சாம்பல்தானே."

"இல்ல," என்றார் ஷவ்கி.

"பாத்தீங்களா, அதுக்கும் இல்லதான்."

இன்ஷிராஹுக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அவர் சொல்லும் பதில் சரியா தப்பா என்று குஞ்சு பொரிக்கவிட்டுச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரே கேள்வி அந்தக் கூண்டில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று மஹ்ரூஸை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை ஒவ்வொரு ஆண் குருவியாகப் பிடித்து, உள்ளங்கையில் வைத்துக் கட்டிலருகே கொண்டு வந்தாள். காபியின் மகன் இதுவா? இல்ல. இதுவா? இல்ல. ஒன்பது முறை கேட்டாள். ஒன்பது முறையும் இல்ல. சஃபினாஸ் சொன்னதுதான் சரி என்று நினைத்துக் கையைக் கழுவிவிட்டு, அவருக்குச் சவரம் செய்ய உட்கார்ந்தாள்.

பால்கனியில் குருவிகள் படபடப்பு அடங்கி ஒவ்வொன்றாகக் கீச்சிடத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பாட்டு. பழக்கதோஷத்தில் அவள் வாய் "இதுவா?" என்றது. இல்ல. அடுத்தது பாடியது. இல்ல. ஐந்தாவது பாடியபோது கத்தியின் கீழ் அவர் தாடை நின்றது. அந்தச் சொல் உதடு வரை வந்தது தெரிந்தது. கழுத்து நரம்பு புடைக்க, உதடுகளை இறுக்கி அதை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டார். கண் பால்கனியில் இருந்தது.

அவளுக்கு மண்டையில் உறைத்தது. நிறம் முட்டையிலேயே வந்துவிடும், பாட்டு மட்டும் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால்தான் வரும் என்று அவர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார். கைக்குள் பிடித்த குருவி பாடுமா? ஒன்பதும் ஒரே அச்சு. பார்த்து எப்படிச் சொல்வார்? அவர் பதிலில் பிழை இல்லை, அவள் கேட்ட விதத்தில்தான்.

ஆனாலும் ஒரு முறை வாயை மூடியதை வைத்து எதையும் நம்புகிறவள் இல்லை அவள். தொண்டை துடிக்கப் பாடிக்கொண்டிருந்த அந்தக் குருவியைப் பிடித்து, ஒரு சாம்பல் பெட்டையோடு தனிக்கூண்டில் விட்டாள். தினையும் அவித்த முட்டையும் வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பெட்டை இட்ட நான்கு முட்டையில் மூன்று பொரிந்தன. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கத் தொடங்கியதும் தினமும் கூட்டை எட்டிப் பார்த்தாள். பதினைந்தாம் நாள் இரண்டு குஞ்சு சாம்பல். ஒன்று பால் விட்ட தேநீர் நிறம்.

பெட்டைக் குஞ்சுதான், சந்தேகமே இல்லை. சாம்பல் தாயிடமிருந்து அந்த நிறம் வர வழியில்லை. தகப்பன் ஒளித்து வைத்திருந்தது அது.

அதை எடுத்துப் போய் ஷவ்கியின் இடது கையில் வைத்தாள். விரல்கள் மெதுவாகக் கிண்ணம்போல் குவிந்தன.

"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, அவசரப்படாமல் காத்திருந்தாள்.

உதடுகள் இறுகின. சொல் வெளியே வரவில்லை.

அவள் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குஞ்சுக்குக் குளிரும் என்று எடுத்துக் கூட்டில் விட்டுவிட்டு, சஃபினாஸுக்குப் போன் போட்டாள். அடுத்த முறை வந்தால் அழாமல், நிதானமாகக் கேட்கச் சொன்னாள். அப்பாவின் உதட்டைப் பார்க்கச் சொன்னாள்.

சொன்ன வெள்ளிக்கிழமை மஹ்ரூஸ் மூன்று காலிக் கூண்டுகளோடு வந்தார். பழுப்புக் குஞ்சைப் பார்த்ததும் கூண்டுகளைக் கீழே வைத்துவிட்டார். இதையாவது கொடுங்கள் அண்ணி என்று ஆரம்பித்தவரை அவள் நிறுத்தினாள்.

"என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? குருவி அவரோடது. உக்காந்து அவர்கிட்டக் கேளுங்க."

வாதம் வந்த நாளிலிருந்து முதல்முறையாக மஹ்ரூஸ் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேரே குனிந்தார். "மேஸ்திரி, அந்தப் பழுப்ப எனக்குத் தர்றியா?"

ஷவ்கி உதட்டை இறுக்கவில்லை. சிரமமே இல்லாமல் வாயைத் திறந்தார்.

"இல்ல."

"கஞ்சப்பய," என்றார் மஹ்ரூஸ். நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். "கொஞ்சமாவது மாறியிருக்கியா நீ?"

இன்ஷிராஹ் தேநீர் போட உள்ளே போனாள். தண்ணீர் கொதித்ததும், புதினா போடவா என்று ஷவ்கியிடம் கேட்டுவிட்டு, அவர் உதட்டைப் பார்ப்பதற்காகக் கதவு வரை வந்து நின்றாள்.