ஐம்பத்தாறாம் வளைவில் கூம்பு

லாரி பிரேக் கருகும் வாசனை வந்தால் எனக்குக் கூம்பின் கனஅளவு ஞாபகம் வந்துவிடும். போன வாரம் நாமக்கல் சிக்னலில் அப்படித்தான் ஆனது. ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே என் உடம்பு இடப்பக்கம் சாய, பின்னாலிருந்த மகள், "அம்மா, வண்டி நிக்குது. எதுக்கு வளையற?" என்றாள்.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் பத்தாவது படித்தபோது எங்கள் பள்ளிக்குத் தேர்வு மையம் கொல்லிமலைக்குக் கீழே இருந்தது. மலைமேல் எங்கள் செம்மேட்டில் பஸ் ஏறினால் அடிவாரத்துக்குள் எழுபது கொண்டை ஊசி வளைவு.

கணக்கு எனக்கு வரவே வராது. மாதிரித் தேர்வில் இருபத்திரண்டு. அப்பா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "போனாப் போகுது கண்ணு. நம்ம மரவள்ளிக் காட்டுல ஒரு மம்பட்டி சும்மாதான் கெடக்குது" என்றார்.

தோழி பூங்கொடிதான் வழி சொன்னாள். "பஸ்ஸுல சும்மாதான புள்ள வாறோம். வளைவுக்கு ஒரு சூத்திரம் வெச்சுக்க." தமிழும் இங்கிலீசும் எழுதப் போன நாலு நாளும் எழுபதில் தொடங்கி இறங்க இறங்க மனப்பாடம் செய்தோம். ஐம்பத்தாறில் பிரேக் கருகும், அங்கே கூம்பு. நாற்பத்தொன்றில் நான் வாந்தி எடுத்ததால் கோளத்தின் மேற்பரப்பு இன்றும் கொஞ்சம் புளிக்கும். ஒரே கோளாறு, நடுவழியில் ஏற முடியாது. எந்தச் சூத்திரம் வேண்டுமானாலும் எழுபதிலிருந்து இறங்கித்தான் வர வேண்டும்.

கணக்குத் தேர்வன்று பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் இறங்கினேன். இடம், வலம், இடம் என்று உடம்பும் கூடவே சாய்ந்தது. கண்காணிப்பாளர் வந்து என் தாளைப் பிடுங்கிவிட்டார்.

"யாரப் பாத்து எழுதற?"

"யாரையும் இல்லீங்க சார். வளைவுங்க. இப்பத்தான் அறுபத்திரண்டுங்க."

ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைத்திருப்பார். எனக்கு மம்பட்டி கண்ணுக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, முதல் பெஞ்சில் சுவரோரமாக உட்கார வைத்தார். "மெதுவா எறங்கு சாமி, டைம் இருக்குது" என்றார். மணி அடிக்கும்போது நான் மூன்றாம் வளைவில் இருந்தேன்.

இப்போதுபோல முடிவு போனுக்கு வராது. பேப்பரில் பொடி எண்களாக வரும். அப்பா செம்மேட்டு டீக்கடையில் ஒருவரைப் பார்க்கச் சொல்லி, நம்பாமல் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வந்ததும், "நீயும் பூங்கொடியும் பாஸு கண்ணு! இனி மம்பட்டியத் தொடப்படாது, ஆமா" என்றார்.

சொன்னபடியே நடந்துகொண்டார். கீழே படிக்கப் போன பிறகு லீவுக்கு வந்தாலும் காட்டுப்பக்கம் விடமாட்டார். "ஊட்டுக்குள்ள போய்ப் படி" என்று விரட்டுவார். எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. படித்தேன், வேலை கிடைத்தது, கீழேயே தங்கிவிட்டேன்.

அப்பா போய்விட்டார். காடு என் பெயரில் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்குப் போய் அதன் நடுவில் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "ஏனுங்க, எங்க காடு எதுவரைக்குமுங்க?"