விக்கிறது எப்பன்னு தெரியாம ஒரு நாள்

நம்ம தோட்டத்துத் தேயிலைக்கு விலை இல்லைன்னு, வேற வருமானத்துக்காகப் போன வருஷம் கொஞ்சம் ஷேர் வாங்கினேன். இப்ப அதுவும் தினம் இறங்குது. வெச்சிருக்கறதா, வித்துடறதான்னு தெரியல.

இன்னிக்குக் கட்டபெட்டுல மழையோட பஸ் ஏறி லைப்ரரிக்குப் போனேன். பங்குச்சந்தை பத்தித் தமிழ்ல ஒரே ஒரு புத்தகம் இருந்துச்சு.

"எப்போது வாங்குவது" அத்தியாயம் முழுக்கப் பென்சில் கோடு, டீக்கறை.

"எப்போது விற்பது" அத்தியாயத்தை யாரும் தொட்டதே இல்ல போல. ஈரத்துல பக்கமெல்லாம் ஒட்டிக் கிடக்கு. பிரிச்சா கிழியுது.

லைப்ரரியன் அக்காகிட்டக் காட்டினேன்.

"எல்லாரும் வாங்கற வரைக்கும் படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க. விக்கிறதப் பத்திக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்க" அப்படின்னாங்க.

திரும்பி வர்ற பஸ்லயும் இதே யோசனைதான். இத்தனை பேர் கோடு போட்டுப் படிச்சு வாங்கியிருக்கீங்களே, நஷ்டம் எனக்கு மட்டும்தானா? இல்ல, எல்லாரும் ஊட்டுல சொல்லாம உக்காந்திருக்கீங்களா?